வழக்கும் அது செல்லும் வழியும்

உரிமை யார் பக்கம் இருக்கிறதோ அவரே வழக்கில் வெல்வர் என்பது நம்மவரிற் பெரும்பாலோர் எண்ணம். உறுதி பெட்டகத்தில் இருக்கிறது. காணியோ பாட்டன் காலந்தொட்டு ஆண்டு அனுபவித்து வருவது. அயலட்டத்தார் அனைவரும் அறிவர். இனி யாருக்கு அஞ்சவேண்டும்? இவ்வண்ணம் கூறிக்கொண்டு நீதிமன்றின் படியேறிய பலர் வெறுங்கையராய்த் திரும்பியதுண்டு. திரும்பியவர் நீதிபதியை நோவர். எதிராளியின் பணத்தை நோவர். தம் சட்டத்தரணியையும் விட்டுவையார். ஆனால், அவர்தம் உரிமை வீழ்ந்த இடம் பெரும்பாலும் வேறாகவே இருக்கும். தவணை ஒன்று தவறியிருக்கும். சாட்சி ஒருவரின் பெயர் நிரலில் இடம்பெறாது போயிருக்கும். கேட்கவேண்டியதை முதன்முறையே கேளாது விட்டிருப்பர். இத்தகைய சிறு வாயில்களிலேதான் பெரிய உரிமைகள் இடறி வீழ்கின்றன. அவ்வாயில்களை அமைத்து வைத்திருக்கும் சட்டத்தைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுந்தோம். நாம் சட்டம் பயின்றோமல்லேம், தமிழ் பயிற்றுவோம். பழைய மாணவருள் நீதித்துறையிற் சிறந்து விளங்குவோரும் இதனைப் படிப்பர் என்பதை அறிவோம். அவர்க்கு இதிற் புதியது ஒன்றும் இராது. ஒருநாள் அழைப்பாணை ஒன்றைக் கையில் வாங்க நேரக்கூடிய ஏனையோர்க்கே இதனை எழுதுகின்றோம்.

சட்டம் இருகூறுபட்டது. இன்ன பொருள் இன்னார்க்கு உரியது, இன்னது செய்தவன் இன்னது கொடுத்தல் வேண்டும் என்று கூறுவது ஒரு கூறு. அவ்வுரிமையை நீதிமன்றில் எவ்வாறு கேட்பது, எந்நாளிற் கேட்பது, எதனைக் காட்டி நிறுவுவது என்று கூறுவது மற்றைக் கூறு. முன்னையது பொருள் எனின், பின்னையது யாப்பு எனலாம். பொருள் எத்துணைச் சிறந்ததாயினும் தளை தட்டிய வெண்பாவை வெண்பா என்று யாரும் கொள்வதில்லை. குடியியல் வழக்குகளுக்குரிய யாப்பினையே குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை என்பர்.

இவ்வியாப்பு மேலைநாட்டார் வந்து கற்பித்த புதுமை என்று எண்ணுதல் தவறு. சேக்கிழார் பெரிய புராணத்திலே, தடுத்தாட்கொண்ட புராணம் என்ற பகுதியில், ஒரு குடியியல் வழக்கினை முதலிலிருந்து முடிவுவரை நடத்திக் காட்டுகிறார். பத்தியுடன் ஓதிய அப்பகுதியை ஒருமுறை வழக்கேடாகவும் படித்துப் பார்த்தல் வேண்டும். புத்தூரிலே நம்பியாரூரரின் மணப்பந்தரில் முதிய வேதியர் ஒருவர் தோன்றி, "இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை உண்டு" என்கிறார். இது வழக்காளியின் முறைப்பாடு. நம்பியாரூரர் மறுக்கிறார்; ஓலையைப் பறித்துக் கிழித்தும் விடுகிறார். எதிராளி ஆவணத்தை அழித்துவிட்டால் வழக்கு முடிந்ததா? முடியவில்லை. வேதியர் தம் ஊர் திருவெண்ணெய்நல்லூர் என்கிறார். அப்படியாயின் வழக்கை அங்கேயே பேசலாம் என்று எதிராளியே கூறிவிடுகிறார். எந்த மன்று இவ்வழக்கைக் கேட்க உரியது என்ற வினா அத்துடன் தீர்ந்தது. வெண்ணெய்நல்லூர் அவையில் வேதியர் கூறுவது யாது? கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை தம்மிடம் உள்ளது, அதனையும் இவன் பறியாதபடி அவையத்தார் காப்பதாயின் காட்டலாம் என்கிறார். அவையத்தார் உறுதி கூறியபின் ஓலை வெளிவருகிறது. கரணத்தான் அதனை வாசிக்கிறான். பாட்டன் கைச்சாத்து இதுதானா என்று அறிய, அவர் எழுதிய வேறோர் ஓலை காப்பிலிருந்து வருவிக்கப்பட்டு இரண்டும் ஒப்பு நோக்கப்படுகின்றன. இரண்டும் ஒத்திருக்கவே தீர்ப்புக் கூறப்படுகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூவகைச் சான்றும் அப்புராணத்தில் எடுத்துப் பேசப்படுகின்றன. இன்றைய நீதிமன்றில் மூல ஆவணத்துக்கும் பிரதிக்கும் இடையே செய்யும் வேறுபாடும், கையெழுத்தை ஒப்பு நோக்கும் முறையும் இவையே. நமக்கு வியப்பளிப்பது மற்றொன்று. வழக்காளியாய் வந்தவன் இறைவன். அவனும் தன்னை இன்னான் என்று வெளிப்படுத்தி வெல்லவில்லை. ஓலை காட்டியே வென்றான்.

இதற்கு மறுதலையும் தமிழில் உண்டு. கோவலனுக்கு அழைப்பாணை பிறக்கவில்லை. அவன் மறுமொழியை எவரும் கேட்கவில்லை. மதுரையில் வழக்குரைத்தல் அவன் இறந்த பின்னரே நடந்தது.

நிற்க. நம் நாட்டில் இன்று நடைமுறையிலுள்ள கோவை 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். இடையிலே, 1970களில், நீதி நிர்வாகச் சட்டம் என ஒன்று வந்து இதனை அகற்றியது. ஆயினும் 1977ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் பழைய கோவையை மீண்டும் உயிர்ப்பித்தது. அதன்பின் பன்முறை திருத்தப்பட்டுள்ளது. இதில் ஒரு புதுமை காண்க. வடபுலத்தார் காணியுரிமைக்கு மூலம் தேசவழமை. அது ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக் என்பவரால் தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயரால் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஏற்கப்பட்டது. தேசவழமை வாய்திறவாத இடங்களில் உரோமன்-ஒல்லாந்தச் சட்டம் நிற்கிறது. ஆனால், அவ்வுரிமைகளைக் கேட்கும் வழியோ ஆங்கிலேயர் இந்தியாவில் வகுத்த கோவையைப் பெரிதும் தழுவியது. பொருள் ஓரிடத்தது, யாப்பு மற்றோரிடத்தது.

இனி வழக்கு நடக்கும் முறையைப் பார்ப்போம். வழக்கினை எங்கும் தொடுத்துவிட முடியாது. எதிராளி வசிக்கும் இடம், காணி கிடக்கும் இடம், வழக்குக்கான காரணம் எழுந்த இடம், உடன்படிக்கை செய்த இடம் ஆகிய இவற்றுள் ஒன்று அந்நீதிமன்றின் எல்லைக்குள் அமைதல் வேண்டும். சிறு தொகைப் பிணக்குகள் பலவற்றுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்லவேண்டும். அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இன்றி நீதிமன்று வழக்கை ஏற்காது. கதியால் ஒன்றை ஒரு முழம் தள்ளி நட்டதற்காக இரு தலைமுறை பேசாதிருக்கும் நம்மூர் வேலிப் பிணக்குகளுக்கு இச்சபைகள் நல்ல மருந்து என்பது எம் கருத்து.

முறைப்பாட்டிற் கவனிக்கவேண்டிய விதி ஒன்றுண்டு. ஒரே காரணத்தால் எழும் கோரிக்கை முழுவதையும் ஒரே வழக்கிற் கேட்டுவிடல் வேண்டும் என்கிறது கோவையின் 34ஆம் பிரிவு. கடையொன்றை வாடகைக்கு விட்டவர்க்கு மூன்றாண்டு வாடகை நிலுவை என்க. அவர் இரக்கங் கொண்டோ மறதியாலோ இறுதியாண்டு வாடகைக்கு மட்டும் வழக்கிட்டால், விட்ட ஈராண்டு வாடகையைப் பின்னர் எந்நாளும் வழக்கிட்டுப் பெற இயலாது. பணம் வரவேண்டியது உண்மை. எதிராளி அதனை மறுக்கவும் இல்லை. ஆயினும் கதவு அடைபட்டது. இதனைக் கொடிது என்பாருமுளர். ஆனால், ஒருவன் மற்றொருவனைத் துண்டு துண்டாய்ப் பன்முறை மன்றுக்கு இழுத்து வருத்தாமல் இருக்க வேறு வழி யாது? 33ஆம் பிரிவும் மேலும் வழக்காடாதபடி பிணக்கினை முடித்தலையே நோக்கமாகக் கூறுகிறது.

அடுத்தது அழைப்பாணை. பாமர மக்கள் பெரிதும் கெடுவது இவ்விடத்திலேதான். அழைப்பாணை பதிவுத் தபாலில் வரலாம். அலுவலர் நேரிற் கொணரலாம். ஆளைக் காணமுடியாதாயின் மன்றின் கட்டளைப்படி வீட்டுக் கதவிலே ஒட்டலாம். "நான் கையெழுத்து வைக்கவில்லை, ஆகையால் வழக்கு என்னைத் தொடாது" என்று சொல்லி வீட்டுக்குள் இருந்துவிடும் மூத்தோர் நம்மிடையே உளர். அவர் நினைப்பது தவறு. குறித்த நாளில் மறுமொழி அணைக்காவிடில், வழக்காளியின் பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பாணை வழங்க மன்றுக்கு அதிகாரம் உண்டு. இதனை ஒருதலைத் தீர்ப்பு என்பர். அத்தீர்ப்பாணையின் பிரதி எதிராளிக்கு வழங்கப்படும். வழங்கப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள், தான் வராது போனதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று மன்றுக்குக் காட்டினால் வழக்கு மீண்டும் திறக்கப்படும். அந்தப் 14 நாளையும் வீட்டுத் திண்ணையில் இருந்து கழித்தால் உறுதியும் உதவாது, அயலாரும் உதவார். ஆகவே, அழைப்பாணை வந்தால் அதிற் கண்ட வழக்கிலக்கத்தையும் நாளையும் முதலிற் குறித்துக்கொள்ளுங்கள். கொணர்ந்தவரோடு பூசலிடுவதால் ஆவது ஒன்றுமில்லை.

இருதிறத்தாரும் தத்தம் கூற்றை எழுத்தில் வைத்தபின் எழுவினாக்கள் வகுக்கப்படுகின்றன. இச்சொல்லை ஆக்கியோர் நல்ல தமிழறிவுடையோராதல் வேண்டும். ஒருவர் கூறுவதற்கும் மற்றவர் மறுப்பதற்கும் இடையே எழுகின்ற வினா எழுவினா. வழக்காளி பத்துச் செய்தி கூற, எதிராளி எட்டினை ஒப்பினால், எஞ்சிய இரண்டே வினாவாகும். சாட்சியமும் அவ்விரண்டினைப் பற்றியே அமையும். கண்ணகி வழக்கிலும் எழுவினா ஒன்றே: சிலம்பின் பரல் முத்தா, மாணிக்கமா? சிலம்பை உடைத்தவுடன் வழக்கும் முடிந்தது. நம் நீதிமன்றுகளில் எழுவினாக்கள் ஏற்கப்பட்டபின் முறைப்பாடும் மறுமொழியும் பின்னணிக்குச் சென்றுவிடும் என்பது நிலைபெற்ற கொள்கை. தீர்ப்பு எழுவினாக்களுக்கு விடையாகவே எழுதப்படுகிறது. ஆதலால், வழக்கின் முடிவு தீர்ப்பு நாளிலன்றி எழுவினா வகுத்த நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது எனலாம். வகுப்பறையிற் பிழையான வினாவுக்குச் சரியான விடை எழுதிய மாணவனின் நிலை நாமறிந்ததே.

சாட்சிகள், ஆவணங்கள் ஆகியவற்றின் நிரலை விளக்க நாளுக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் மன்றில் அணைத்தல் வேண்டும். நிரலிற் பெயரில்லாதவரை மன்றின் சிறப்பு அனுமதியின்றிச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. எதிராளி அறியாத சாட்சியைத் திடீரெனக் கொணர்ந்து திகைக்கவைக்கும் நாடகக் காட்சி திரைப்படத்திற்கு உரியது. கோவை அதனை விரும்புவதில்லை. 2017ஆம் ஆண்டின் திருத்தம் விளக்கத்துக்கு முன்னான விசாரணை ஒன்றையும் புகுத்திற்று. ஒப்பியவை எவை, இணங்கக்கூடியவை எவை என்று முற்கூட்டியே தெளிந்து, நாட்களைச் சுருக்குவதே அதன் கருத்து.

விதி இத்துணை இறுக்கமாயின், பிழை செய்தவனுக்கு உய்தியே இல்லையா எனின், உண்டு. யாழ்ப்பாணத்து வழக்கொன்றே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நகர மாவட்ட சபை மீது தொடுக்கவேண்டிய வழக்கை ஒருவர் அச்சபைத் தலைவர் மீது தொடுத்துவிட்டார். பெயரிலே பிழை, பொருளிற் பிழையில்லை. அதனைத் திருத்த அனுமதி கேட்டபோது, புதிய வழக்கிடும் காலமும் கடந்துவிட்டது. திருத்த இடங்கொடாவிடில் அவர் உரிமை அத்துடன் அழிந்துவிடும். 1936ஆம் ஆண்டில் மேன்முறையீட்டைக் கேட்ட பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் திருத்தத்துக்கு இடமளித்தார். சட்ட ஆலோசகரின் குறைபாடும், நடைமுறையின் விசித்திரமும், மன்றுகளின் நெரிசலும் ஒன்றுகூடி ஒருவனது உரிமையைப் பறிப்பதற்குத் தாம் உடன்பட இயலாது என்றும், இது நீதி வழங்கும் மன்றே அன்றிச் சட்டக் கலைக்கழகம் அன்று என்றும் அவர் கருத்துரைத்தார். அக்கூற்று இன்றும் இந்நாட்டு மன்றுகளில் எடுத்தாளப்படுகிறது. விளையாட்டில் ஆர்வமுடைய மாணவர் அறிந்துகொள்ளட்டும்: இந்நீதியரசர் 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் நீளம் பாய்தலிற் கலந்துகொண்டவர், அவர் இளவல் ஹரல்ட் 1924ஆம் ஆண்டு பாரிசில் 100 மீற்றர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றவர்.

ஆயினும், அத்தீர்ப்பைத் துணையாகக் கொண்டு பலர் காலங்கடத்தத் தலைப்பட்டனர் போலும். 1991ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் விளக்கத்துக்கென முதலிற் குறித்த நாள் தொட்டு எழுத்துரைகளைத் திருத்துதலை மிகக் கடினமாக்கிற்று. திருத்தாவிடிற் பெரியதும் ஈடுசெய்ய இயலாததுமான அநீதி நேரும் என்றும், கேட்பவர் வாளாவிருந்து காலங்கடத்தவில்லை என்றும் மன்று திருப்தியுறல் வேண்டும். நீதிக்கும் விதிக்கும் இடையே இத்தராசு எந்நாளும் ஆடிக்கொண்டேயிருக்கிறது. எம் உளம் ஏபிரகாம்ஸ் பக்கமே சாய்கிறது. எனினும், திருத்தம் ஒன்று கேட்கப்படுந்தோறும் ஓராண்டு நீளும் வழக்கில் எதிர்நிற்பவனின் வருத்தத்தையும் எண்ணவேண்டியுளது.

காலத்தைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். நம்மவர்க்கு இதுவே மிகுதியும் வேண்டுவது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுதிய உடன்படிக்கை மீது 6 ஆண்டுகளுக்குள் வழக்கிடல் வேண்டும். எழுதாத உடன்படிக்கைக்கு 3 ஆண்டுகள். விற்றுக் கொடுத்த பண்டத்தின் விலைக்கு ஓராண்டு. கடைக்காரரின் கொப்பியிற் கடன் எழுதி ஆண்டுக்கணக்கிற் பொறுத்திருப்பது அன்புடைமையாகலாம். சட்டப்படி அது இழப்பு. காணிக்கு 10 ஆண்டுகள். உரியவனுக்கு மாறாக, இடையீடின்றி, தன்னதெனவே ஒருவன் காணியைப் 10 ஆண்டுகள் ஆண்டுவிட்டால் அவன் உரிமை நிறுவக்கூடும். இவ்விடத்தில் வீண் அச்சமும் வேண்டா. உம் அனுமதியோடு குடியிருந்தவர், காணியைப் பார்த்துக்கொள்ள விடப்பட்டவர், ஆகியோர் ஆண்டுகள் கழிந்தமையால் மட்டும் உரிமையாளராகார். கூட்டுரிமையாளருள் ஒருவர் காணியில் இருப்பதும் ஏனையோர்க்காகவும் இருப்பதாகவே கொள்ளப்படும். தனக்கே உரியதென்று ஏனையோரை வெளிப்படையாக விலக்கியமையை அவர் நிறுவினாலன்றி அவர்க்குக் காலம் ஓடாது.

போர்க்காலத்தில் ஊரைவிட்டுப் பெயர்ந்தோர் பத்தாண்டல்ல, இருபதாண்டும் தம் காணியைக் காணாதிருந்தனர். நீதிமன்றுக்குச் செல்ல வழியும் இருக்கவில்லை. காலம் மட்டும் நில்லாது ஓடிற்று. இவர்தம் பொருட்டு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலவிதிப்பு விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் காணியுரிமையை மன்றில் நாடமுடியாதிருந்தவர்க்கு எதிராக அக்காலம் கணக்கிடப்படாது என்று அச்சட்டம் கூறிற்று. ஆனால், அதன் பயனைப் பெற வழக்கிடுதற்கு இரண்டே ஆண்டுகள் தவணை தரப்பட்டது. இருபத்தாறு ஆண்டுத் துயருக்கு ஈராண்டுத் தவணை. அச்செய்தி தம்மை எட்டுமுன்னரே அத்தவணை கழிந்துபோனவர் இருக்கக்கூடும் என்று எண்ணும்போது உள்ளம் வருந்துகிறது.

தீர்ப்பால் மனநிறைவுறாதவர் மேன்முறையீடு செய்யலாம். அதற்கு 14 நாட்களுக்குள் அறிவித்தலும், தீர்ப்பு நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவும் அணைத்தல் வேண்டும். 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் மாகாணங்களிலேயே குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றுகள் அமைந்தமையால், கொழும்புப் பயணம் பலர்க்கு மிச்சமாயிற்று.

இறுதியாகப் பிரிவினை வழக்கைப் பற்றிக் கூறல் வேண்டும். சீதனமும் முதுசமுமாய்ப் பிரிந்து பிரிந்து, நாலு பரப்புக் காணிக்கு இருபது பங்காளிகள் உள்ள ஊர் நம்மூர். கிணற்றிற் பங்கு, வழியிற் பங்கு, நின்ற பனையிலும் பங்கு. இக்கூட்டுரிமையைப் பிரித்துக் கொடுக்கும் வழக்கு 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டப்படி நடைபெறுகிறது. உரிமையுடையோர், உரிமை கோருவோர் அனைவரையும் வழக்காளி திறத்தவராகச் சேர்த்தல் வேண்டும். வழக்கு நிலுவையிலுள்ள செய்தி காணிப் பதிவகத்திற் பதியப்படும். நில அளவையாளர் காணிக்கு வந்து அளப்பார். காணியிற் பறையறைந்து அறிவித்தலும் சட்டத்திலேயே கூறப்பட்டுள்ளது. ஏனைய வழக்குகளில் மன்று இருதிறத்தார் கூறுவதோடு அமையும். இங்கோ, அவர்கள் ஒத்துக்கொண்டாலும், ஒவ்வொருவர் உரிமையையும் தானே ஆராய்தல் மன்றின் கடமை. இடையில் ஒருவர் இறந்தால் அவர் இடத்தில் வாரிசுகளைப் பதிலிடவேண்டும். பதிலிட்டு முடிவதற்குள் மற்றொருவர் இறப்பார். பாட்டன் தொடுத்த வழக்கிற் பேரன் சாட்சியளிப்பது இதனாலேயே.

இத்துணை நுணுக்கம் ஏன் எனின், பிரிவினை வழக்கின் இறுதித் தீர்ப்பாணை திறத்தவரை மட்டுமன்றி உலகோர் அனைவரையும் கட்டுப்படுத்தும். வழக்கிற் பெயர் குறிக்கப்படாதவரும் அதற்கு உட்பட்டவரே; விலக்குகள் மிகச் சில. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் எம் பழைய மாணவர் இதனைச் சிறப்பாக மனங்கொள்ள வேண்டும். காணியில் அறைந்த பறை அங்கே கேளாது. ஊரில் நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்து, தம் உறுதிகள் பதிவகத்தில் முறையே பதியப்பட்டுள்ளனவா என்று பார்ப்பித்து, பதிவேட்டினை ஆண்டுக்கொருமுறையேனும் நோக்கச் செய்தல் அவர் கையிலுள்ளது. பெயர் விடுபட்டு, இறுதித் தீர்ப்பாணையும் பிறந்துவிட்டால், யாருடைய செயலால் அவ்விழப்பு நேர்ந்ததோ அத்திறத்தவர் மீது நட்டஈடு கோரி வேறு வழக்கிட அச்சட்டத்தின் 49ஆம் பிரிவு இடந்தருகிறது. அவ்வழக்கில் வென்றால் அவர் பெறுவது பணம். காணி பங்கு பெற்றவரிடமே நிற்கும்.